தூசி நீக்கிய கடல்

என் கணவர் கடல் வழியாகப் புதுச்சேரிக்குப் போகப்போவதாகச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "கரை கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே போவீங்களா?" என்பதுதான். காஞ்சிபுரத்தில் பிறந்து, காஞ்சிபுரத்திலேயே தமிழ் பயின்று, அங்கேயே அதைக் கற்பித்துக்கொண்டிருந்த எனக்குக் கடலைப் பற்றி அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. கரைக்கு அருகில் இருப்பது காப்பு, தொலைவில் போவது ஆபத்து என்பதே என் கணக்கு.

"மாமல்லபுரத்துக் கடற்கரையில நின்னா என் பாய் உனக்குத் தெரியணும், அவ்வளவு தானே? தெரியற மாதிரியே போறேன்" என்றார் அவர்.

அவர் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சேர்ந்து பாய்மரப் படகு ஓட்டப் பழகியவர். அப்போது உடன் பழகிய நண்பர் ஒருவர் புதுச்சேரியில் இருந்தார். தாய்நாடு திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் சென்னையில் விட்டுச்சென்ற சிறிய பாய்மரப் படகு அந்த நண்பர் கைக்கு வந்தது. அதை லாரியில் ஏற்றாமல், இருவருமாகக் கடல் வழியே ஓட்டிச் செல்வது என்று முடிவு செய்தார்கள். பொங்கல் கழிந்ததும் புறப்பாடு. இது நடந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில்; கைபேசி எங்கள் ஊரில் பரவிவிட்டிருந்தது, ஆனால் எல்லா இடத்திலும் எட்டாது.

படகில் வழி அறிவதற்குச் செயற்கைக்கோளின் உதவியால் இடத்தைச் சொல்லும் கையடக்கக் கருவி அப்போதே கிடைத்தது. அது எண்களை மட்டுமே காட்டும். அந்த எண்களைப் படித்து, காகிதப் படத்தில் கோடு இழுத்து, இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று குறிப்பதற்குள் படகு வேறிடம் போயிருக்கும். காற்று பலமாக அடித்தால் காகிதமே போயிருக்கும். நண்பருக்கு ஒருமுறை அப்படியே நேர்ந்ததாம். ஆகவே படமும் படகின் இடமும் ஒரே திரையில் தெரியும்படி ஒரு கணினி வேண்டும், அதைக் கையில் பிடித்துக்கொள்ள முடிய வேண்டும் என்றார் என் கணவர். இன்று பள்ளிப் பிள்ளைகளின் கைகளில் இருக்கும் அந்தப் பொருள் அன்று அரிது. அவர் டேப்லட் என்றார். நான் பலகை என்றேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பலகை வாங்க நாங்கள் மூவர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம்: அவர், நான், என் தம்பி. தம்பி பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைகளுக்குக் கணினியில் உரு வரைந்து தருபவன். எங்கள் குடும்பத்தில் கணினி பற்றிய எந்தக் கேள்வியும் அவனிடம்தான் போகும்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த பலகை மெல்லியதாக, பளபளப்பாக இருந்தது. கடைக்குள் அதன் திரை மிகவும் அழகு. என் கணவர் அதைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் தெருவுக்கு இறங்கினார். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சார், எங்க சார் எடுத்துக்கினு போறீங்க?"

"வெயில்ல தெரியுதான்னு பாக்கணும்பா."

"ஆபீசுக்குள்ள வெயில் எங்க சார் வரப்போவுது?"

"ஆபீசுக்கு இல்ல. கடலுக்கு."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லியாச்சு" என்றேன்.

வெயிலில் அந்தத் திரை கண்ணாடியாகிவிட்டது. எங்கள் முகங்களும் தலைக்குமேல் ஓடிய மின்கம்பிகளும்தான் அதில் தெரிந்தன. இரண்டாவது பலகை ஏதோ தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்கள் பயன்படுத்திக் கழித்தது. நான்கு மூலைகளிலும் ரப்பர். தூக்கினால் அம்மிக்குழவியின் கனம். திரையில் பளபளப்பே இல்லை. ஆனால் வெயிலில், மங்கலாகவேனும், எழுத்து தெரிந்தது. என் கணவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, விரல் நுனியால் அதன்மேல் தெளித்துப் பார்த்தார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், நான் வாரண்டி குடுக்கறது மேசைமேல வச்சி ஓட்டறதுக்குத் தான் சார்."

அந்தப் பலகை விரலுக்கு அசையாது. அதற்கென்று உள்ள பேனாவுக்கு மட்டுமே பணியும். நான் உடனே தடை சொன்னேன். பேனா கடலில் விழுந்தால் பலகை வெறும் பலகைதானே? ஆனால் நீர்த்துளி பட்ட திரையில் விரல் தடுமாறும் என்றும், பேனாவென்றால் திரைமேல் உறை போட்டாலும் எழுதும் என்றும் தம்பி செய்து காட்டினான். "கயிறு கட்டிட்டா போச்சுக்கா" என்றான். ஊர் திரும்பியதும், பாவுக்கென்று சாயம் தோய்த்த சிவப்புப் பட்டிழைகளை முறுக்கி ஒரு கயிறு செய்து, பேனாவைப் பலகையோடு பிணைத்தும் கொடுத்தான்.

அடுத்த வாரங்களில் எங்கள் வீடே ஒரு கப்பல் பட்டறை ஆயிற்று. புடவை வைத்துத் தரும் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து, பலகைக்கு வெயில் மறைப்பாக வைத்தார். புடவை உறையாக வரும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கைச் சுற்றிலும் ஒட்டினார். மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க பலகையை மொட்டைமாடியில் ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செயற்கைக்கோளோடு பேசும் கருவி, வால் முளைத்த கறுப்பு வில்லை ஒன்று; அதன் வால் பலகையில் செருகப்பட்டது. என் அச்சம் ஒன்றுக்கு அவர் விடை கண்டால் எனக்கு அடுத்தது பிறக்கும். மின்கலம் தீர்ந்தால்? படகின் பெரிய மின்கலத்திலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். வில்லை நனைந்தால்? மாற்று வில்லை இருக்கிறது. பலகையே விழுந்தால்? அதற்கும் ஒரு கயிறு.

"நான் விழுந்தான்னு நீ இன்னும் கேக்கல" என்றார் ஒருநாள்.

அதைத்தான் நான் எல்லாக் கேள்விகளிலும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

எஞ்சியது படம். நண்பர் தம்மிடமிருந்த கடற்கரைப் படத்தை அனுப்பியிருந்தார். பாய்போல விரியும் தாள், பலர் கைபட்டது, மடிப்புகள் வெளுத்து, ஓரிடத்தில் தேநீர்க் குவளை வைத்த வட்டமும் சிந்திய துளிகளும். தம்பி அதைத் துண்டு துண்டாகக் கணினிக்குள் படியெடுத்து, ஒட்டு தெரியாமல் இணைத்து, பலகையில் ஏற்றித் தந்தான். அதைக் கண்டபோது, என் தொழிலுக்குரிய மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. சில சிற்றிதழ்களுக்கு அச்சுப்படி திருத்திக் கொடுப்பது என் வழக்கம். மாசற்ற பக்கத்தின் மதிப்பை நான் அறிவேன். மடிப்பும் கறையும் போய், அப்போதுதான் அச்சேறி வந்ததுபோல் இருந்தது கடல்.

"எப்படிடா இவ்வளவு சுத்தமா?"

"நம்ம தொழிலே அது தானேக்கா" என்றான்.

புறப்பாட்டுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போய்ச் சோதித்தோம். மழைக்காலம் நன்றாகப் பெய்து ஏரி கரைமுட்ட நின்றது. மீன்பிடிப்பவர் ஒருவரின் சிறு படகில் ஏறினோம். அந்தப் பகுதியின் நிலப்படத்தையும் தம்பி பலகையில் ஏற்றியிருந்தான். படகு நகர நகரத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது. நாங்கள் மதகை நெருங்கினால் அதுவும் நெருங்கியது, திரும்பினால் திரும்பியது. என் கணவர் துடுப்பை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, திரையை மட்டும் தம்பி படித்துச் சொல்ல, படகைக் கரையில் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்ப நம்பிக்கை வந்துச்சா?" என்றார்.

படகின் இரு விளிம்புகளையும் பற்றியிருந்த கைகளை எடுத்துவிட்டு, வந்தது என்று சொன்னேன். உண்மையாகவே வந்தது.

சனிக்கிழமை மாலை அவர் சென்னைக்குக் கிளம்பினார். பைக்குள் பலகையும், வெயில் மறைப்பும், கயிற்றோடு பேனாவும் இருப்பதை நானே பார்த்தேன். "காகிதப் படம்?" என்றேன். "அது அவன்கிட்ட இருக்கும்" என்றார், நண்பரைக் கருதி. ஞாயிறு விடியுமுன் படகிலிருந்து பேசினார். காற்று வடகிழக்கிலிருந்து முதுகுப் பக்கமாக வருகிறது, கடல் சாது, கவலைப்படாதே என்றார். கவலைப்படாமல் இருக்க முயன்று, சமையலை முடித்து, முடித்த சமையலை மூடி வைத்துவிட்டு, தனியாக உண்ண மனமில்லாமல், ஆட்டோ பிடித்துத் தம்பியின் வேலையறைக்குப் போனேன்.

அவன் மயில் கரை ஒன்றை வரைந்துகொண்டிருந்தான். துளையிட்ட அட்டைக் கட்டுகள் அடுக்கிய அலமாரியின் மேல் ஒரு நீளச் சுருள் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த சிவப்புப் பட்டுக் கயிறு எனக்கு அறிமுகமானது. பேனாவுக்கு முறுக்கியதன் மிச்சம்.

"இது என்ன, கடல் படம் இங்க இருக்குது?"

"ஆமாக்கா. மாமா கேக்கவே இல்லையே."

"அவருக்கு அது நண்பர்கிட்ட இருக்குதுன்னு நெனப்பு."

"அவரு மாமாகிட்ட இருக்குதுன்னு நெனச்சிருப்பாரு." அவன் சிரித்தான். "விடுக்கா. இதுல இருக்கறது எல்லாம் பலகையில இருக்குது. இரு, காட்டறேன்."

என்னை அமைதிப்படுத்தவே அவன் அந்தப் படத்தைத் தன் கணினியில் திறந்தான். நான் சுருளை விரித்து மேசைமேல் பரப்பினேன். மூலத்தையும் படியையும் ஒருசேர எவரேனும் என் முன் வைத்தால் என் கை தானாகவே ஒப்புநோக்கத் தொடங்கிவிடும். இடக்கை விரல் மூலத்தில், கண் படியில். சென்னையிலிருந்து தெற்காக வந்தேன். கலங்கரை விளக்கம் இருந்தது. ஆழம் காட்டும் எண்கள், அதே எண்கள், அதே இடங்களில் இருந்தன. கோவளம் சரி. மாமல்லபுரத்துக்குச் சற்று வடகிழக்கில், தாளில், என் விரல் ஒரு சிறு சிலுவைக் குறியின்மேல் நின்றது. அதைச் சுற்றிப் பொடிப் புள்ளிகளால் ஒரு வளையம். திரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"தம்பி, இந்தச் சிலுவை எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். வெண்மைதான் பெரிதாயிற்று.

"பக்கத்துலயே இன்னொண்ணு. அதுவும் இல்ல. இதோ, இதுவும் இல்ல."

"அக்கா," என்றான், குரல் இறங்கி, "நான் தூசி எடுத்துட்டேன்."

புடவை உருவைக் கணினிக்குள் படியெடுத்தால், தாளில் ஒட்டிய தூசி, பென்சில் பொடி, ஈ உட்கார்ந்த அடையாளம் எல்லாம் அதில் புள்ளிகளாக விழும். ஒவ்வொரு புள்ளியும் தறியை இயக்கும் அட்டையில் ஒரு துளையாகி, தறியில் ஓர் இழையைத் தூக்கி, பட்டின்மேல் வேண்டாத இடத்தில் ஒரு சரிகைப் பொட்டாய் முளைக்கும். நெய்த பிறகு அதை எடுக்க இயலாது. அதனால் உரு வரைபவர் எவரும் வேறு வேலை தொடங்குமுன் செய்வது தூசி எடுப்பதுதான். எதனோடும் சேராமல் தனித்து நிற்கும் சிறு குறிகள் அனைத்தையும் ஒரே அழுத்தத்தில் அழிக்கும் வசதி அவன் மென்பொருளில் இருந்தது. கோடு தங்கும், எழுத்தும் எண்ணும் தங்கும், தனித்து நிற்கும் பொடி போய்விடும். கடலிலோ, தனித்து நிற்கும் அந்தப் பொடிதான் பாறை.

தம்பி கைபேசியை எடுத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல், தூய தமிழில், பொறுமையாகச் சொன்னது. மீண்டும் அழைத்தான். மீண்டும் அதே பொறுமை.

"கரையை ஒட்டிப் போவச் சொன்னியேக்கா" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, படத்தில் சிலுவைகள் கரைக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் சொன்னான். மாமல்லபுரத்தில் நின்றால் பாய் தெரிய வேண்டும் என்ற என் விருப்பம், படகை நேராக அவற்றின் நடுவே கொண்டுவரும்.

அவன் வண்டியில் கிளம்பினோம். சுருளைப் புடவை உறைக்குள் செருகி என் முதுகுக்கும் கைக்கும் இடையே இடுக்கிக்கொண்டேன். வாலாஜாபாத் தாண்டினோம். பழைய சீவரத்து மேட்டில் நிறுத்தி மறுபடி அழைத்துப் பார்த்தான். பாலாற்று மணலுக்கு அப்பால் திருமுக்கூடல் கோயில் நின்றது. மாணவிகளை அழைத்துவந்து அங்குள்ள கல்வெட்டுகளைப் படித்துக்காட்டியவள் நான். தேய்ந்த எழுத்தை விட்டுவிட்டு மேலே போகக் கூடாது, தேய்ந்திருக்கிறது என்று குறித்துவிட்டே போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள். அந்த நினைவு வந்ததும் கோயிலைப் பார்க்கப் பிடிக்காமல் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கெடைக்கல. ஏறுக்கா."

செங்கற்பட்டிலும் கிடைக்கவில்லை. திருக்கழுக்குன்றத்திலும் கிடைக்கவில்லை. படகின் வேகம் சைக்கிளின் வேகம்கூட இல்லை என்று என் கணவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அவர் சோம்பலாகப் போகட்டும், காற்று விழட்டும், நண்பர் வழியில் எங்காவது தூண்டில் போட ஆசைப்படட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, கட்டுமரங்களும் படகுகளும் ஏற்றிக் கிடந்த மணலில் இறங்கினோம். கடலில் பாய் எதுவும் தெரியவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் தம்பி படத்தை விரித்துக் காட்டினான்.

"படம் எனக்கு வாணாம் தம்பி. பாரைப் பத்தித் தான கேக்கறீங்க?" நீருக்குள் மறைந்த பாறைத் திட்டைப் பார் என்றார் அவர். "அங்க இருக்குது, அப்புறம் அந்தப் பக்கம். எங்களுக்குத் தெரியும்."

"தெரியாதவங்க வந்தா?"

"அலை ஒடஞ்சா வெள்ளையாத் தெரியும்மா. பாத்துட்டு ஒதுங்கிப் போவாங்க." கடலை ஒருமுறை பார்த்தார். "இன்னிக்கி ஒடையல. சும்மா கெடக்குது."

காலையில் கடல் சாது என்று கேட்டு ஆறுதல் கொண்டிருந்தேன். இப்போது அதே சாதுவான நீர், சலவை செய்த துணிபோல் ஒரு மடிப்பும் இல்லாமல் கிடப்பதைக் கண்டு, எங்காவது ஒரு வெள்ளை நுரை தெரியாதா என்று தேடினேன்.

"படகு எறக்க முடியுமாண்ணா?" என்றான் தம்பி.

"எறக்கலாம். தள்றதுக்கு ஆள் வரணும். எல்லாம் சோத்துக்குப் போயிருக்கறானுங்க. இரு, கூப்புடறேன்." அவர் எழுந்து குப்பத்தின் பக்கம் நடந்தார். மெதுவாக நடப்பதாகவே எனக்குப் பட்டது.

அப்போது வடக்கே, வானமும் நீரும் சேரும் இடத்துக்கு இப்பால், நகத்துண்டுபோல் ஒரு வெண்மை தெரிந்தது. நான் கேட்டபடியே, கரைக்கு அருகில். தம்பி அழைத்தான். மணி அடித்தது. கைபேசியை என் காதில் வைத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"கோயில் தெரியுது. நீ சொன்ன மாதிரியே கரையோரமா வந்துக்கிட்டு இருக்கோம். காத்து சுகமா இருக்குது. சாப்ட்டியா?"

"படத்துல பாறை இல்லைங்க."

"பாறை இல்லைன்னா நல்லது தானே."

"பாறை இருக்குது. படத்துல தான் இல்ல. தம்பி தூசின்னு அழிச்சிட்டான்."

காற்றின் ஓசைக்கு நடுவே அவர் நண்பரிடம் பாயைத் தளர்த்தச் சொல்வது கேட்டது.

"காகிதம் உன்கிட்ட இருக்குதா?" என்றார். குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது. "ஒவ்வொண்ணாச் சொல்லு. பேனாவால குறி வச்சிக்கறேன்."

மணலில் படத்தை விரித்தோம். காற்று உடனே அதைத் தூக்கியது. ஒரு மூலைக்கு என் செருப்பு, ஒரு மூலைக்குத் தம்பியின் செருப்பு, மற்ற இரண்டையும் என் முழங்கால்களால் அழுத்திக்கொண்டேன். தாளின் ஓரங்களில் எண்கள் இருந்தன. குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டு எண் சொன்னால் ஓர் இடம் கிடைக்கும். நேராகப் படிக்க அளவுகோல் இல்லை. தம்பி பட்டுக் கயிற்றைப் பல்லால் பிரித்து இழைகளாக்கி, ஓர் இழையைத் தாளுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தான். இன்னோர் இழையை நெடுக்கே ஓட்டினான். இரண்டும் சிலுவையின்மேல் வெட்டிக்கொண்டன. அவன் எண் சொல்ல, நான் கைபேசியில் சொல்ல, அங்கே அவர் திருப்பிச் சொன்னார். ஓர் எண் மாறிக் கேட்டதை நிறுத்தித் திருத்தினேன்.

"வச்சாச்சு. அடுத்தது."

அடுத்தது சொன்னோம். தம்பி இழைகளை அடுத்த சிலுவைக்கு நகர்த்தினான். மூன்றாவதும் சொன்னோம்.

"இதுக்கும் எங்களுக்கும் நடுவுல ரொம்ப இல்ல" என்றார். "இருக்குதா இன்னும்?"

"இன்னும் ஒண்ணு. பெரிய வளையம். சொல்றேன், இருங்க—"

தொடர்பு அறுந்தது.

அழைத்தோம். பொறுமையான அந்தப் பெண்குரல் மீண்டும் வந்தது. தம்பி கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நீர்விளிம்புவரை ஓடினான், முழங்கால் நனைய நின்றான், திரும்பி வந்தான். தாளில் அந்தக் கடைசி வளையம் மற்றவற்றைவிடத் தெற்கே, கரையிலிருந்து சற்று வெளித்தள்ளி இருந்தது. முன் மூன்றையும் ஒதுக்கிவிட்டு நேராகத் தெற்கே வரும் படகு அதன்மேல்தான் வரும். என் கையில் அதன் இரண்டு எண்களும் இருந்தன. அவற்றைச் சொல்ல ஆள் இல்லை. அதே எண்களை நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்ததாகத் தம்பி பின்னால் சொன்னான்.

பாய் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. அது தெரியத் தெரிய எனக்குத் தாளவில்லை. மீனவர் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து, படகின் பக்கங்களில் கைவைத்து நின்றார். தள்ளத் தொடங்குமுன் கண்ணுக்குமேல் கை மறைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் நில்லுங்கடா" என்றார்.

பாய் ஒடுங்கியது. ஒரு கணம் கோடாய் மெலிந்து, காணாமற்போனதுபோல் தோன்றி, மறுபக்கம் விரிந்தது. படகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேர் கிழக்கே, வெளிக்கடலுக்குத் திரும்பியிருந்தது.

"வெளிய ஏறிட்டாங்கம்மா. பார்ப் பக்கம் இனிமே வர மாட்டாங்க." அவர் படகிலிருந்து கையை எடுத்தார். "இன்னா, உங்க கண்ணுக்குத் தான் தெரிய மாட்டாங்க."

நாங்கள் அங்கேயே நின்றோம். பாய் சிறுத்தது. நகத்துண்டாயிற்று, உப்புக்கல்லாயிற்று, வெயிலில் அது இருக்கிறதா இல்லையா என்று தம்பியும் நானும் ஆளுக்கொன்று சொன்னோம். பின்பு இருவருக்குமே தெரியவில்லை. எந்தக் காட்சியை எண்ணி ஒரு மாதமாக அஞ்சிக்கொண்டிருந்தேனோ, அந்த வெறுங்கடலை அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி என் செருப்பைத் தட்டி என் காலருகில் வைத்தான்.

அன்று முழுதும் பேச்சில்லை. மறுநாள் காலை அவர் புதுச்சேரியிலிருந்து கூப்பிட்டார்.

"இன்னும் ஒண்ணுன்னு சொன்ன. எங்கன்னு சொல்லல. எங்க வேணா இருக்கலாம். அதான் கரையே தெரியாத தூரத்துக்குப் போயிட்டேன்" என்றார். "நீ போவக் கூடாதுன்ன."

"சொன்னேன்" என்றேன்.

பலகை வீடு திரும்பியபோது திரையில் அவர் கையால் வைத்த மூன்று குறிகள் அப்படியே இருந்தன. படகு ஆடியதில் அவை சிலுவைகளாக இல்லை. எண்ணெயில் பொரிந்த கடுகுபோல் தெறித்திருந்தன. தம்பி அவற்றைப் பார்த்துவிட்டு சுருளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஒரு வாரத்தில் புதிய படியைக் கொண்டுவந்து பலகையில் ஏற்றினான். இம்முறை எதையும் நீக்கவில்லை. மடிப்புகள் இருந்தன, மாமல்லபுரத்து மணல் பதிந்த கீறல்கள் இருந்தன, ஒரு தலைமுடிகூட வளைந்து கிடந்தது. நான் மூலத்தை விரித்து வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு, சென்னையிலிருந்து தெற்கே ஒப்புநோக்கி வந்தேன். எல்லாச் சிலுவைகளும் இருந்தன. புதுச்சேரிக்கு வடக்கே, தேநீர் வட்டத்துக்கு அருகில், ஒரு பொட்டு மட்டும் எனக்கு விளங்கவில்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் விளங்கவில்லை.

"இது பாறையா, டீயா?"

தம்பி நெடுநேரம் பார்த்தான்.

"தெரியலக்கா" என்றான். "இருக்கட்டும். மாமாவை அதையும் சுத்திக்கினு போவச் சொல்லு."